டப்பாவுல 9000 லூமன்ஸ்னு போட்டிருந்தா நம்பலாமா?

தேவகோட்டையில இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அப்பத்தாவோட எண்பதுக்கு சொந்தபந்தம் எல்லாம் பெரிய வீட்டுல கூடுறாங்களாம். ராத்திரி வளவுல பழைய கல்யாண வீடியோவைப் பெருசா போட்டுக் காட்டணும். பங்காளிங்க சேர்ந்து 25,000 ரூபாய் போட்டிருக்காங்க. "9000 லூமன்ஸ், 4கே சப்போர்ட்னு ஒண்ணு இருக்கு, வாங்கலாமாண்ணே?"

பொறுங்க. அடுத்தவங்க காசு, நிதானமா பார்ப்போம்.

முதல்ல லூமன்ஸ். வெறும் 'லூமன்ஸ்'னு போட்டா அதுக்கு மரியாதையே கிடையாது. 'ஆன்சி லூமன்ஸ்' இல்லன்னா 'ஐஎஸ்ஓ லூமன்ஸ்'னு இருக்கணும். அது ரெண்டும் திரையில விழுற வெளிச்சத்தைப் பல இடத்துல அளந்து சொல்ற கணக்கு. மத்தபடி விளம்பரத்துல வர்ற ஆயிரங்களை யாரு, எப்படி அளந்தாங்கன்னு தெரியாது.

சரி, எவ்வளவு தேவை? 100 இஞ்ச் திரைன்னா ஏறக்குறைய ஏழேகால் அடி அகலம், நாலடி உயரம். சுமார் 30 சதுர அடி. டிஜிட்டல் சினிமா தியேட்டருக்கான அளவுகோல் 14 ஃபுட் லாம்பர்ட். அதாவது சாதாரண வெள்ளைத் திரையில சதுர அடிக்கு 14 லூமன். பெருக்குனா 420தான்! ஆனா நிறம் சரியா தெரியற சினிமா மோடுல வெளிச்சம் நல்லாவே குறையும். வளவு வேற வானம் பார்த்த முற்றம். அதனால 1000 ஆன்சிக்குக் கீழ போகாதீங்க, டியூப் லைட்டையும் அணைச்சிடுங்க. ப்ரொஜெக்டரால கறுப்பை அடிக்க முடியாது. திரை மேல ஏற்கெனவே எவ்வளவு வெளிச்சம் விழுதோ, அதுதான் உங்க கறுப்பு.

இங்கதான் செட்டிநாட்டு வீட்டுச் சிக்கல். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசின சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கும். அதுலயே படம் போட்டா நடுவுல பளிச்சுனு ஒரு திட்டு அடிக்கும். மங்கலான வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாம இழுத்துக் கட்டுங்க. ஆத்தங்குடித் தரையும் வெளிச்சத்தைத் திருப்பி விடும், ஜமுக்காளம் விரிச்சா போச்சு. (உட்காரவும் ஆச்சு!)

அடுத்து '4கே சப்போர்ட்'. 4கே ஃபைலை வாங்கிக்கும், அவ்வளவுதான். திரையில வர்றது 'நேட்டிவ்' ரெசல்யூஷன். அது பல மலிவு மாடல்கள்ல 1280×720தான். ஆனா உங்க விஎச்எஸ் கேசட்டை டிஜிட்டல் ஆக்கினா 720×576தான் வரும். அதுக்கு எதுக்கு 4கே? பிற்பாடு படம் பார்க்கணும்னா நேட்டிவ் 1080 போதும்.

த்ரோ ரேஷியோவை மட்டும் விட்டுடாதீங்க. 1.2ன்னு இருந்தா, திரை அகலத்தைப் போல 1.2 மடங்கு தூரம் வேணும். 100 இஞ்சுக்கு எட்டே முக்கால் அடி. நடுவுல தூண் வருதான்னு இன்னிக்கே டேப் வச்சு அளந்துடுங்க. பக்கவாட்டுல வச்சு கீஸ்டோன்ல நிமிர்த்தலாம்னு நினைச்சா, பிக்சலும் வெளிச்சமும் வீணாப் போகும்.

ஏவிஎம் 'நாம் இருவர்' எடுத்தது உங்க தேவகோட்டை ரஸ்தாவுல போட்ட ஸ்டுடியோவுலதான், 1947ல வந்த படம். விசேஷத்தன்னிக்கு அதையும் ஒரு ரீல் ஓட்டுங்க.

இந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்தான்னா, காரைக்குடியில வாடகைக்குக் கிடைக்குதான்னு முதல்ல விசாரிங்க. மிச்சக் காசுல கேசட்டை நல்லபடியா டிஜிட்டல் பண்ணிடலாம். பூஞ்சை பிடிச்சா அந்தக் கல்யாணம் திரும்பக் கிடைக்காதும்மா.