பொத்தானை அழுத்திப் பேசிய கைபேசி, வாத்தியம் வாசித்தது எப்படி?

அமெரிக்காவில் நெக்ஸ்டெல் என்ற கைபேசிச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள், பொத்தானை அழுத்தியவுடன் பேசப் பயன்படுத்திய ஆரம்பகால மோட்டரோலா கைபேசிகள், 3 நிமிஷப் பாட்டுக்கு ஏறக்குறைய 3 மெகாபைட் இடம் கேட்கும் எம்.பி.3 கோப்பைத் தாங்கும் சக்தியற்றவையாயினும், பல வாத்திய கீதங்களை மணியோசையாக இசைத்தது எவ்விதம் என்று நீங்கள் யோசித்ததுண்டா?

கல்யாண விருந்தை இங்கே சமைத்து அண்டாக்களில் ஏற்றி அனுப்பாமல், அங்குள்ள சமையற்காரரிடம் குறிப்புச் சீட்டை மட்டும் சேர்ப்பித்துவிடுவது போன்றது, இதற்கு அவை கையாண்ட, 1983-இல் அறிமுகமான மிடி முறை.

எந்த ஸ்வரம், எந்த வாத்தியம், எவ்வளவு நேரம் என்ற கட்டளைகளே கோப்பில் உண்டு. நாதத்தை உற்பத்தி செய்வது கைபேசியே. ஆகையால் சில கிலோபைட்டுகள் போதும். ரசம் சற்றுக் குறைவுதான், சந்தேகமில்லை!

ஆனால் பாடகரின் குரல் அந்தச் சீட்டில் அடங்காது; அதற்குப் பெரிய கோப்பே வேண்டும்.

இந்தக் கைபேசிகள் இயங்கிய நெக்ஸ்டெல் வலையமைப்பு 2013 ஜூன் 30-இல் நிறுத்தப்பட்டது.