பன்வில ஏற்றத்துக்கு எந்தப் பழைய கார்?

பழைய காரொன்றை வாங்கிக் கொட்டிலில் மூடிவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து, கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையால் பயனில்லை. அவர்கள் கண்ணுக்குப் பிடித்த எதையும் வாங்கலாம். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, வத்துகாமத்தில் சாமான் ஏற்றி, கண்டியில் வங்கி வேலை முடித்து, பின்னேர மழைக்குள் பன்விலவுக்குத் திரும்புவதும் அதே காரில்தான் என்று முடிவெடுத்தவர்களுக்காகவே இது. அண்மைக்காலமாக இப்படி விசாரிப்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன்.

ஆசை மட்டும் இதற்குக் காரணமல்ல. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில், ஓடிக் களைத்த சின்ன ஜப்பான் கார்கள்கூட வாங்கிய விலைக்கு மேலே விற்பனையாயின. இறக்குமதி தொடங்கிய பிறகும் வரிகள் சேர்ந்து வரும் விலையைக் கேட்டால் ஆசிரியருக்கும் தோட்டத்து உத்தியோகத்தருக்கும் தலை சுற்றுகிறது. மாமா வீட்டுக் கொட்டிலில் நிற்கிற மொரிஸ் மைனர் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இலங்கைக்கு இது பழகிய கதை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோதே கார் இறக்குமதி இறுகிப்போனது. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறக்கும்வரை, ஏற்கனவே வந்திறங்கிய மொரிஸ், ஒஸ்டின், ஹில்மன், பேஜோ, ஃபோக்ஸ்வாகன் கார்களை வைத்தே நாடு காலம் தள்ளியது. டொக்டரின் காரும் அதுதான், ஆசுபத்திரிக்கு ஓடும் டாக்சியும் அதுதான். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறியபோது அவர்களுடைய வாகனங்கள் பலவும் இங்கேயே கைமாறின. உதிரிப்பாகம் வராத நாளில் பட்டறைகளில் லேத்தில் கடைந்து போட்டார்கள். இன்று நாம் பெருமையாகப் பார்க்கிற பழைய கார்களை யாரும் அன்பினால் காப்பாற்றவில்லை. வேறு வழியில்லாமல் தினமும் ஓட்டினார்கள், அதனால் அவை பிழைத்தன.

அந்தக் கைத்தேர்ச்சி ஒரு கட்டத்தில் கப்பலேறியது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்றுவந்த சார்ள்ஸ் வெயார் என்பவர், புதுக் கார் வாங்கிப் பணத்தைக் கரைப்பதைவிடப் பழைய காரைத் தொடர்ந்து பழுதுபார்த்து ஓட்டுவதே இலாபம் என்று புத்தகமே எழுதியவர். 1990களின் தொடக்கத்தில் அவர் இலங்கைப் பங்காளர் ஒருவருடன் சேர்ந்து இங்கே மைனருக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையை நிறுவினார். இங்கே செய்த பாகங்கள் காரின் தாய்நாட்டுக்கே ஏற்றுமதியாயின.

பழைய காரைப் பிழைக்க வைப்பது பட்டறைக் கைதான். ஆகவே காரைத் தெரிவதற்கு முன்னால் அதைப் பழுதுபார்க்கும் பாஸைத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியால ஓட்டத்தில் எந்தக் காரைக் கைபார்த்துப் பழகிய பாஸ் இருக்கிறார்? அவருக்கு எத்தனை வயது? அவரிடம் வேலை பழகும் பையன் இருக்கிறானா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் உங்கள் தெரிவைப் பாதிக்குமேல் முடித்துவிடும். மீதியைப் பாதையும் மழையும் முடிக்கும்.

கண்டியிலிருந்து மடவளை, வத்துகாமம் வழியாகப் பன்விலவுக்கு 25 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் வத்துகாமத்துக்கு அப்பால் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. மடுல்கலைப் பக்கம் போனால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடிக்கே போய்விடுவோம். பஸ் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டும், ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்தே மறுபடி எடுக்கவேண்டும். இரண்டு பருவமழையும் இந்த மலைகளைத் தொடும். அவற்றுக்கு நடுவில் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வேறு. கொழும்பில் நன்றாக ஓடுகிற கார் என்ற சான்றிதழ் இங்கே செல்லாது.

மினியை முதலிலேயே கழித்துவிடுகிறேன். 1959இல் வந்த அந்தக் குட்டிக் கார் அழகுதான், அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் மேதைதான். ஆனால் இஞ்சினைக் குறுக்காக வைத்ததில் டிஸ்ட்ரிபியூட்டர் நேராக முன் கிரில்லைப் பார்த்து நிற்கிறது. அடைமழையில் எதிரே லொறி தண்ணீரை வாரியடித்தால் இஞ்சின் இருமி நின்றுவிடும். றப்பர் கையுறை போல ஒரு மூடி போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. 10 அங்குலச் சில்லுக்கும் தரையோடு ஒட்டிய வயிற்றுக்கும் தோட்டத்துப் பாதையில் மூடி கிடையாது.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கட்சிக்காரர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. இஞ்சினின் பாரம் முழுவதும் ஓட்டுகிற பின்சில்லுகளின் மேல் இருப்பதால் சேற்று ஏற்றத்தில் பிடி விடாது. காற்றால் குளிரும் இஞ்சின் என்பதால் ரேடியேட்டர் கொதித்து நடுவழியில் நிற்கும் கவலை இல்லை. 2003 ஜூலையில் மெக்ஸிகோவின் புவெப்லாவில் கடைசி வண்டி வெளிவரும்வரை 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேல் செய்த காருக்கு உதிரிப்பாகத் தட்டுப்பாடும் குறைவு. வாங்குவதானால் 12 வோல்ட் வண்டியைப் பாருங்கள். 6 வோல்ட் விளக்கில் மடுல்கலைப் பனிமூட்டத்தைக் கிழிக்க முடியாது. பின் ஆசனத்தைத் தூக்கி பற்றறி இருக்கும் இடத்தின் தரையைத் தட்டிப் பாருங்கள், துரு முதலில் தின்பது அங்கேதான். விசிறி பெல்ட் அறுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். குளிர்விப்பதும் மின்சாரம் தருவதும் அந்த ஒரே பெல்ட்தான்.

பாஸ் கிடைக்கும் ஊர்க்காரருக்குப் பீட்டில் நல்ல தெரிவுதான். ஆனாலும் பன்விலவுக்கு என் வாக்கு மொரிஸ் மைனருக்கே.

மைனரும் இஸிகோனிஸின் பிள்ளைதான். 1948இல் லண்டன் மோட்டார் காட்சியில் அறிமுகமாகி 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எல்லா மைனரும் ஒன்றல்ல. ஆரம்பகால 918 சி.சி. பக்கவால்வு இஞ்சினும் 1952இல் வந்த 803 சி.சி. இஞ்சினும் நம் ஏற்றத்தில் மூச்சுவாங்கும். 1956க்குப் பிறகு வந்த 948 சி.சி., 1962க்குப் பிறகு வந்த 1098 சி.சி. ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் தேட வேண்டும். 948இன் பின் அச்சுப் பற்சக்கர விகிதம் 4.55, 1098க்கு 4.22. வேகமாகப் போக 1098 வசதி, மெதுவாக ஏற 948இன் விகிதம் உதவி. இருந்தும் நான் 1098ஐத்தான் சொல்வேன். காரணம் இஞ்சின் அல்ல, பிரேக். அந்த மாதிரியில்தான் முன் பிரேக் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமானது.

மலைப்பாதைக்குக் கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள். ஏறாத கார் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காத கார்தான் ஆபத்து. மைனரின் நான்கு சில்லிலும் டிரம் பிரேக்தான், சேர்வோ உதவி கிடையாது. ஒரே எண்ணெய்ச் சுற்று என்பதால் எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சில்லும் சேர்ந்து கைவிடும். பிறகு மிஞ்சுவது கம்பியால் பின்சில்லைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்ற டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். அதனால் பல வண்டிகளில் வருடக்கணக்காக யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே மாஸ்டர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர்கள், றப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பெயின்ட் வேலை பிறகு நடக்கட்டும்.

இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தபடியே வருவது புதிய கார்கள் கற்றுக்கொடுத்த பழக்கம். மைனரில் அப்படி வந்தால் டிரம் சூடேறிப் பிடி தளரும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும், இஞ்சின் பிடித்துக்கொள்ளும். முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லாததால் ஓட்டத்தில் அதற்கு மாற்றுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவதாயிருந்தால், அவரையும் அழைத்துப்போய்ப் பழக்கிவிட்டுப் பிறகு பணத்தை எண்ணுங்கள். கணவர் மட்டுமே ஓட்டக்கூடிய கார் தினசரிக் கார் அல்ல.

மைனரின் இன்னொரு பலவீனம் முன்சில்லைத் தாங்கும் ட்ரனியன். அது திருகுமுனையில் சுழலும் உறுப்பு, கிரீஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். பட்டினி போட்டால் திருகு தேய்ந்து ஒருநாள் சில்லு மடங்கி விழும். கிரீஸ் கன் ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை காருக்கடியில் படுக்க மனமில்லாதவர் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. டிரவலர் என்று பின்புறம் மரச்சட்டம் போட்ட மைனரும் உண்டு. படத்தில் பார்க்க அருமை. பன்வில ஈரத்தில் அந்த மரத்தில் காளான் முளைத்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பெரிய குடும்பத்துக்கு மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் சரிவரும். ஒக்ஸ்போர்டின் வாரிசான அம்பாஸடரை இந்தியாவில் 2014வரை செய்துகொண்டிருந்தார்கள் என்பது உதிரிப்பாகம் தேடுகிறவருக்கு ஆறுதல். பெற்றோல் செலவு ஆறுதலாக இராது. 2022இல் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதையும், கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்ததையும் மறந்திருக்க மாட்டோம். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் தருகிற மைனருக்கு அந்த 20 லீற்றரில் கண்டிக்கு நான்கு தரம் போய்வரலாம்.

பெற்றோலில் இன்னொரு விடயம் இருக்கிறது. 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. இந்தப் பழைய இஞ்சின்களின் வார்ப்பிரும்புத் தலையில் வால்வு அமரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் பாதுகாப்பு. அது இல்லாமல் பாரம் இழுத்து ஏறுகையில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதையும், கொம்பிரஷன் குறையும். தலையில் கடினமான வால்வு சீட் போட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் விழித்தால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள்.

மின்சாரத்தில் நான் கறாரானவனல்ல. டைனமோவைக் கழற்றி ஒல்டர்னேட்டர் போடுவதையும், பொயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரொனிக் இக்னிஷன் வைப்பதையும் தூய்மைவாதிகள் பாவம் என்பார்கள். விளக்கு எரிந்து வைப்பரும் ஓடும் மழைநாளில் மெதுவாக ஊரும்போது டைனமோ பற்றறியை நிரப்பாது. அவர்கள் யாரும் அப்போது வந்து தள்ளப்போவதில்லை. முன் ஆசனங்களுக்குப் பெல்ட் போடுவதும் அப்படித்தான், ஆனால் அதைத் துருப்பிடிக்காத தரையில் பலமான தகடு வைத்துப் பூட்ட வேண்டும்.

புதிதாகப் பெயின்ட் அடித்து மினுங்கும் காரைவிட, நேற்றுவரை சந்தைக்குப் போய்வந்த மங்கிய காரே மேல். நின்ற காரில் சீல்கள் காயும், பெற்றோல் தாங்கியில் துரு இறங்கும், பிரேக் சிலிண்டர் இறுகும். மினுக்கத்துக்குக் கீழே எத்தனை அங்குலம் பட்டி பூசியிருக்கிறது என்பது காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோகிறவருக்குத்தான் தெரியும். மைனரில் பின் ஸ்பிரிங் பூட்டும் இடங்கள், நடுக் குறுக்குச் சட்டம், கதவுக்குக் கீழுள்ள பெட்டி ஆகிய மூன்றும் திடமாக இருந்தால் மற்றதெல்லாம் பழுதுபார்க்கலாம்.

இலக்கத்தகட்டுக்காக விலை கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்ரீக்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகடு என்றால் ஒரு விலை, ஒற்றை இலக்க ஸ்ரீ என்றால் ஒரு விலை. 1957இல் சிங்கள ஸ்ரீ தகட்டில் ஏறியபோது தமிழரசுக் கட்சி எதிர்த்ததும், மறு வருடம் தார்பூசும் போராட்டம் மலையகத்துக்கு வந்து பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் இரு தோட்டத் தொழிலாளர்கள் இறந்ததும் நம் சரித்திரம். அந்த எழுத்துக்கு மேலதிகமாகக் காசு கொடுக்க எனக்குக் கை வராது. வாங்குகிறவர் விருப்பம்.

பதிவுப் புத்தகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சட்டத்திலுள்ள சேஸி இலக்கமும் இஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். எப்போதோ ஜப்பான் இஞ்சின் ஏற்றி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்ட வண்டிகள் உண்டு. அந்த அலைச்சல் வாங்கியவர் தலையில் விழும்.

ஓட்டிப் பார்க்கக் கண்டி வாவியைச் சுற்றிவர வேண்டாம். மழை பெய்த பின்னேரமொன்றில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மடுல்கலைவரை ஏறி, பன்விலவுக்கு இறங்கி வாருங்கள். வந்து நிறுத்தியதும் இறங்கி, முன்சில்லுகள் இரண்டின் அருகிலும் பின்சில்லுகள் இரண்டின் அருகிலும் கையைப் பிடித்துப் பாருங்கள். முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடச் சூடாயிருப்பது இயல்பு. வலது சுட்டு இடது குளிர்ந்திருந்தால் ஒரு பக்கத்துப் பிரேக் சும்மா இருந்திருக்கிறது. விலைப் பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.