டாலர் விலையும் நம் எண்ணெய் டின்னும்



ரூபாய் மதிப்பு இறங்கியது, இறக்குமதி வரி ஏறியது என்று பத்திரிகையில் வந்தால், அது ஏற்றுமதிக்காரர் பாடு என்று நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். மங்கலத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர் அப்படிப் புரட்ட முடியாது. பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் வேலைக்குப் போகிறவர்களே நம் வாடிக்கையாளர்கள். அவர்கள் வாங்கும் சம்பளமும், நாம் விற்கும் எண்ணெயும் இன்று டாலரைப் பொறுத்தே இருக்கின்றன.

1991-ல் அரசின் கையில் சில வார இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி மிஞ்சியிருந்தது. தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தார்கள். (வீட்டு நகை அடகுக்குப் போனால் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) அந்த ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாய் மதிப்பை இரு தவணையாகக் குறைத்தார்கள். 21 ரூபாய் அளவில் இருந்த டாலர் 26 ரூபாயை நெருங்கியது. ஒரு டாலருக்குப் பனியன் விற்றவருக்கு, அதே பனியனுக்கு 5 ரூபாய் அளவுக்குக் கூடக் கிடைத்தது. அதில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து அவரால் புது ஆர்டர் பிடிக்க முடிந்தது. ஆனால் வெளிநாட்டு மெஷினும் சாயமும் வாங்கியவருக்கு அதே அளவு செலவும் ஏறியது.

அந்தக் காலத்தில் செலாவணியைச் சேமிக்க, சரக்கையே உள்ளே விடாமல் லைசென்ஸ் வைத்துத் தடுத்தார்கள். பாமாயிலை அரசு வணிகக் கழகம்தான் தருவித்தது. ரேஷன் கடையில் வரும்போது உண்டு, வராதபோது இல்லை. 1994-ல் பாமாயிலைத் தனியார் இறக்குமதி செய்யலாம் என்று 65 சதவீத வரியோடு திறந்துவிட்டார்கள். 2001 ஏப்ரலில், மீதமிருந்த நுகர்பொருள்களுக்கும் அளவுக் கட்டுப்பாடு பெரும்பாலும் நீங்கியது. லைசென்ஸ் போய், வரியே வாசற்கதவு ஆகிவிட்டது. முன்பு சரக்கு கிடைக்காது. இப்போது கிடைக்கிறது, விலைதான் நிலையாக நிற்பதில்லை.

நாட்டின் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. வரியை ஏற்றினால் நிலக்கடலை விவசாயிக்கும் காங்கயம் கொப்பரைக் களத்துக்கும் ஆதரவு. இறக்கினால் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு ஆதரவு. எந்த அரசு வந்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆட வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கச்சா பாமாயில் டன் 1000 டாலர், டாலர் 84 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் 14-ல் கச்சா எண்ணெய் மீதான வரி, உபவரிகள் சேர்த்து, 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆயிற்று. டன்னுக்கு 18,480 ரூபாய், அதாவது கிலோவுக்கு 18 ரூபாய் 48 காசு. 15 கிலோ டின்னுக்கு 277 ரூபாய் ஏறுகிறது. தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரத்தில் இது வந்தது. விலை ஏற்றியது அரசாணை; வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியது நாம்.

2025 மே 30-ல் அதே வரியை 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள். கிலோவுக்கு 9 ரூபாய் 24 காசு இறங்க வேண்டும். பழைய விலையில் டின்களை அடுக்கி வைத்திருந்தவருக்கு அது நஷ்டம். அதோடு கதை முடியவில்லை. 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. 84-க்கும் 90-க்கும் உள்ள 6 ரூபாய் வித்தியாசம், அதன் மேல் விழும் வரியையும் சேர்த்தால், கிலோவுக்கு ஏறக்குறைய 7 ரூபாய். வரிக் குறைப்பில் கிடைத்ததில் முக்கால் பங்கை டாலரே விழுங்கிவிடுகிறது. வரி குறைந்தும் விலை இறங்கவில்லையே என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கையே சொல்லலாம்.

டாலர் ஏறினால் திருப்பூருக்கு லாபம்தானே என்பார்கள். 1991-ல் அது சரி. ஆனால் 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. அப்படிப்பட்ட வரிக்கு முன்னால் 5, 6 சதவீத ரூபாய்ச் சரிவு எம்மாத்திரம்? ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் நிற்கும், பிறகு ஷிப்ட் குறையும், அடுத்த வாரம் நம் பற்று நோட்டில் பாக்கி ஏறும். எண்ணெய் விலை கூடுவதும் பாக்கி வசூலாகாததும் ஒரே மாதத்தில் நம்மிடம் வந்து சேரும்.

இறக்குமதி எண்ணெய்க்கு வரி கணக்கிடும் அடிப்படை விலையைச் சுங்கத்துறை 15 நாளுக்கு ஒருமுறை, மாத நடுவிலும் கடைசியிலும், அறிவிக்கிறது. மொத்தமாக டின் எடுப்பவர்கள் அந்தத் தேதிகளையும் அன்றைய டாலர் விலையையும் பார்த்துவிட்டு ஆர்டர் சொல்லலாம். பண்டிகைக்கு முந்தைய மாதத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் பாமாயில் இருப்பு வைப்பதை நான் செய்வதில்லை. கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் கணக்கு வேறு. அவை உள்ளூர் வரத்தைப் பார்த்து எடுக்க வேண்டியவை.