கணினி நகரில் நிலைக்கும் தொழில்

1956ஆம் ஆண்டில் கொழும்புத் தமிழரின் பிழைப்பைத் தொட்ட நிகழ்ச்சிகள் இரண்டு. ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து 58 பெரும் பெட்டிகளுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. கொள்கலன் போக்குவரத்து அப்படித்தான் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் அதைக் கேள்வியுற்றவர் எவரும் இருந்திரார். ஜூன் மாதத்தில் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்னும் சட்டம் நிறைவேறியது. அதை அறியாதவர் எவருமிலர். ஆங்கிலமும் தட்டெழுத்தும் பயின்று அரசாங்க இலிகிதராகிவிட்டால் ஓய்வூதியம் வரை அச்சமில்லை என்றிருந்த வெள்ளவத்தைக் குடும்பங்களின் கணக்கு அன்றே பொய்த்தது.

சட்டம் அரசாங்க அலுவலகத்தின் வாயிலைக் குறுக்கியது. பெட்டியோ, 1980களில் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் எழுந்தபோது, மூட்டை சுமந்தவரையும் அதை எண்ணிக் குறித்தவரையும் ஒருங்கே விலக்கியது. பின்னர்ச் சுங்கப் பத்திரங்களும் கணினிக்குள் புகுந்தன. ஆயினும் ஒருவகை இலிகிதர் மட்டும் அசையவில்லை. தும்பு சுங்கப் பட்டியலில் 53ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தது. அதே தும்பால் செய்த கால்மிதியோ 57ஆம் அத்தியாயத்துக்குரியது. எண் தவறினால் தீர்வை தவறும், பெட்டி துறையிலேயே கிடக்கும், வாடகை ஏறும். இந்த வேறுபாட்டை அறிந்தவரை வணிகர் இன்றும் தேடி வருகின்றனர். படிவம் நிரப்ப மட்டும் அறிந்தவரைத் தேடுவதில்லை.

கோட்டையிலுள்ள வங்கிகளின் கதை இன்னும் நுட்பமானது. முன்பு வங்கிகளின் ஆட்கள் ஓரிடத்திற் கூடித் தத்தம் காசோலைக் கட்டுகளை மாற்றிக்கொள்வர். 2006ஆம் ஆண்டில் லங்கா கிளியர் நிறுவனம், காசோலையின் படத்தை அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. தென்னாசியாவில் இலங்கையே இதில் முந்தியது. தாள் அதைப் பெற்ற வங்கியிலேயே நின்றுவிடும். படம் மட்டும் பணம் செலுத்தவேண்டிய வங்கிக்குப் போகும். கட்டுகளைச் சுமந்தவருக்கும் அடுக்கியவருக்கும் வேலை குன்றியது. ஆனால் சுரண்டி எழுதிய எழுத்தைப் படம் எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை. தாளைக் கையில் வாங்குகிறவரே அதைத் தடவிப் பார்க்கவும் வேண்டியதாயிற்று. ஒருவரின் வேலை நீங்கிய இடத்தில் மற்றொருவரின் பொறுப்புக் கனத்தது. அதற்கேற்பச் சம்பளமும் கனத்ததா என்பது வேறு கேள்வி.

பங்குச் சந்தையிற் கூவி விற்ற முறை போய் 1997இல் திரை வந்தது. சந்தைகளுக்கு மென்பொருள் ஆக்கிய மில்லேனியம் ஐடி என்னும் இலங்கை நிறுவனத்தை 2009இல் லண்டன் பங்குச் சந்தையே வாங்கிக்கொண்டது. நிரல் எழுத அறிந்தவரால் மட்டும் அத்தகைய மென்பொருளை ஆக்க இயலாது. விற்ற பங்கு எப்போது, எவர் பெயருக்கு மாறும் என்னும் விதியை அறிந்தவரும் வேண்டும்.

"எந்தப் படிப்பு நிச்சயம்?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. ஒரு மென்பொருளை மட்டும் மூன்று மாதத்திற் கற்பிக்கும் வகுப்பு, அந்த மென்பொருள் உள்ளவரைதான் சோறு போடும். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம், உள்வாரி அனுமதி கிட்டாதோருக்கும் வழி திறந்தது. பகலிற் கப்பல் முகவரிடமோ கணக்காளரிடமோ வேலை பழகி, மாலையில் இதைப் பயில்பவர் தொழிலையும் கருவியையும் ஒருங்கே கற்கிறார்.

மொழியையும் மறத்தலாகாது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரசாங்கப் படிவங்கள் இன்று மும்மொழியிலும் திரையில் வரவேண்டும். அவற்றில் தமிழ் எத்தனை இடங்களிற் பிழைபட்டு நிற்கிறது என்பதை நேயர்கள் கண்டிருப்பர். மூன்று மொழிகளையும் நிரலையும் அறிந்த கொட்டாஞ்சேனை இளைஞர்க்குச் செய்யவேண்டிய வேலை அங்கே குவிந்து கிடக்கிறது.