மொட்டைக் கத்தியில்தான் வேகம் வரும்

அக்கராயன்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் வீடுகளில் கத்தி புழங்காத நாளில்லை. பற்றை வெளியாக்கக் காட்டுக்கத்தி, மீன் வெட்ட இன்னொன்று. அப்படி வளர்ந்த பிள்ளையைச் சிலம்படி பழக விட்டு மரக்கத்தியைக் கையில் கொடுத்தால், “இதென்ன விளையாட்டுச் சாமான்?” என்றுதான் கேட்கும்.

நியாயமான கேள்வி. ஆனால் பற்றை திருப்பி வெட்டாது. எதிரே ஆள் நின்றால் கதை வேறு. கூர்க் கத்தியோடு இருவர் மோதிப் பழகினால் இருவரும் பயத்தில் மெதுவாகவே அசைவார்கள். கால் வைப்பு, தூரக் கணக்கு, கண் ஒன்றுமே பழகாது. மரத்திலோ ரப்பரிலோ செய்த கத்தி என்றால் முழு வேகத்தில் வீசலாம்.

மொட்டைக் கத்திக்கும் ஒரு கேடு உண்டு. வெட்டாது என்று தெரிந்ததும் பழகுபவர் அலகையே கையால் பிடிக்கத் தொடங்கிவிடுவார். அதற்கு மருந்து சோக்கட்டி. அலகின் ஓரம் முழுக்கச் சோக்குத் தூளைப் பூசி, கறுப்புச் சேட்டுப் போட்டு ஒரு நிமிடம் மோதவிடுங்கள். வென்றவரின் மணிக்கட்டிலும் முழங்கையிலும் வெள்ளைக் கோடுகள் கிடக்கும். கத்திச் சண்டையில் காயமில்லாத வெற்றி சினிமாவில்தான்.

வடக்கன் களரிப்பயிற்றில் வரிசையே பாடம் சொல்கிறது. முதலில் மெய்ப்பயிற்சி, பிறகு கோல்தாரி என்னும் மர ஆயுதங்கள், அதன் பிறகே இரும்பைத் தொடும் அங்கத்தாரி. ஆயுதக்காரனை வெறுங்கையால் மடக்குவது கடைசியில். நம் பெடியள் முதல் நாளே கேட்பது அதைத்தான்!

மரம் என்று அலட்சியமும் கூடாது. 1612இல் ஜப்பானிய வாள்வீரர் மியாமோதோ முசாஷி, சசாகி கோஜிரோவைக் கொன்றது மரவாளால் என்பதே வழிவழியாக வரும் கதை. எனவே கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம்.

கூர்க் கத்திக்கும் இடமுண்டு: தனியே நின்று உறையிலிருந்து எடுக்க, திரும்பச் செருக, வாழைத்தண்டை வெட்டி அலகு சரிந்து இறங்குகிறதா என்று பார்க்க. அதுவும் வளர்ந்தவருக்கு, ஆசான் பக்கத்தில் நிற்க.

1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த பண்டாரவன்னியனாக மேடையேறும் நடிகரின் கையில் இருப்பதும் மரவாள்தானே. வீரத்தில் குறை கண்டவர் யார்?

பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்குமுன் ஒருநாள் போய்ப் பழக்குவதைப் பாருங்கள். எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவர் கையிலாவது கூர் இருந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.