முதலாளியின் கையில் பிறர் பணம்

மாதம் பிறந்ததும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிற முதலாளிகள், அதிலிருந்து தாம் பிடித்துக்கொண்ட தொகை தமக்குச் சொந்தமானதன்று, தொழிலாளிக்காகத் தாம் காத்து நிற்கும் நிக்ஷேபமே என்பதைப் பல சமயங்களில் மறந்துவிடுகிறார்கள். 1952-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தை ஒட்டி, 20 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் ஸ்தாபனங்களில், அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பொதுவாக நூற்றுக்கு 12 பங்கு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் தம் பணத்திலிருந்து அதே அளவு சேர்த்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் செலுத்தி, யாருக்கு எவ்வளவு என்ற கணக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். தம் பங்கையும் தொழிலாளியின் கூலியிலிருந்தே கழித்துக்கொள்வதற்குச் சட்டம் இடங்கொடுப்பதில்லை; இது மிக நியாயமான விதி என்பேன். சம்பளத்தில் பிடித்த வருமான வரியோ மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் சர்க்காரைச் சேரவேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு.

பிடித்த சேமநிதியைக் கட்டாமல் வியாபார நெருக்கடிக்குச் செலவழித்துவிட்டால், சொல்லவே மனம் கூசுகிறது, அது வெறும் பாக்கியாக நில்லாமல் நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே கருதப்படும். பாடுபட்டவர்களில் எத்தனையோ பேர், தம் கணக்கு வெறுமையாக இருப்பதை, மகளின் கலியாணத்துக்கு முன்பணம் கேட்கப் போகும் நாளில்தான் அறிகிறார்கள்.