அறுபத்து நான்கு கோர்கள் யாருக்கு?

2022 செப்டம்பரில் ஏஎம்டி நிறுவனம் ரைசன் 9 7950எக்ஸ் என்ற செயலியை 699 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே நிறுவனத்தின் த்ரெட்ரிப்பர் 7980எக்ஸ் வந்தது. அதன் விலை 4,999 டாலர். முன்னது வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு. பின்னது அனிமேஷன் கூடங்களிலும் பொறியியல் ஆய்வகங்களிலும் இரவு பகலாக ஓடும் ஒர்க்ஸ்டேஷனுக்கு. விலை ஏழு மடங்கு. ஆனால் இரண்டின் உலோக மூடியையும் பெயர்த்துப் பார்த்தால், உள்ளே கணக்குப் போடும் சிலிக்கான் துண்டு இரண்டிலும் ஒரே வகைதான்.

அந்தத் துண்டின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. அதற்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு கோர்கள், ஏறத்தாழ 650 கோடி டிரான்சிஸ்டர்கள். தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் உருவாகும் இந்தத் துண்டு ரைசனில் இரண்டு இருக்கிறது, த்ரெட்ரிப்பரில் எட்டு. அதே தலைமுறையைச் சேர்ந்த எபிக் என்னும் சர்வர் செயலியில் பன்னிரண்டு வரை போகிறது. இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்து ஒட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிலிக்கான் தட்டில் ஆங்காங்கே நுண்ணிய குறைகள் விழுவதை எந்த ஆலையாலும் முழுதாகத் தடுக்க முடியாது. 64 கோர்களையும் ஒரே பெரிய சில்லாக அடித்தால், ஒவ்வொரு சில்லிலும் ஏதோ ஒரு குறை விழும் வாய்ப்பு மிக அதிகம். சிறு துண்டுகளாக அடித்தால் குறை விழுந்த துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஏழு மடங்கு விலை கொடுப்பவருக்கு ஏழு மடங்கு வேகமான கோர் கிடைப்பதில்லை. சொல்லப்போனால் தனி ஒரு கோரின் உச்ச வேகம் விலை உயர்ந்ததில்தான் குறைவு. ரைசனில் 5.7 கிகாஹெர்ட்ஸ், த்ரெட்ரிப்பரில் 5.1. விலை தவிர இந்த இரண்டுக்கும் இடையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்று விகிதங்களை. கோர்கள் நான்கு மடங்கு: 16-க்கு 64. மின்வரம்பு இரண்டு மடங்கு: 170 வாட்டுக்கு 350. ராமுக்குப் போகும் வழிகளும் இரண்டு மடங்கு: இரண்டுக்கு நான்கு. நான்கும் இரண்டும் ஒத்துப்போகாத அந்த இடைவெளியில்தான் இதன் முழுக் கதையும் இருக்கிறது.

முதலில் மின்சாரம். ரைசனில் ஒரு கோருக்குப் பங்கிட்டால் சுமார் பத்தரை வாட், த்ரெட்ரிப்பரில் ஐந்தரை. எல்லாக் கோர்களும் உழைக்கும்போது நிறுவனம் உறுதி சொல்லும் அடிப்படை வேகம் முன்னதில் 4.5 கிகாஹெர்ட்ஸ், பின்னதில் 3.2. அதாவது வேகத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் மின்செலவு பாதியாகிவிடுகிறது. இது இயற்பியல் தரும் சலுகை. டிரான்சிஸ்டரை வேகமாகத் தட்ட மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். செலவாகும் மின்சாரமோ அழுத்தத்தின் இருமடிக்கும் வேகத்துக்கும் ஏற்பக் கூடும். கடைசி அரை கிகாஹெர்ட்ஸுக்குக் கொடுக்கும் விலைதான் எப்போதும் அதிகம்.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974-ல் காட்டியது இது: டிரான்சிஸ்டரின் அளவைக் குறைக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், சில்லு சூடாகாமலே வேகம் கூடும். முப்பது ஆண்டுகள் தொழில்துறை அந்த வழியிலேயே நடந்தது. 2004 வாக்கில் அது நின்றுபோனது. அழுத்தத்தை மேலும் குறைத்தால் அணைந்திருக்கும் டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிந்தது. பென்டியம் 4 தன் உச்சமான 3.8 கிகாஹெர்ட்ஸோடு நிற்க, அதற்கு அடுத்ததாக வரவேண்டியிருந்த தேஜஸ் என்ற செயலியை இன்டெல் 2004 மே மாதம் கைவிட்டது. மறு ஆண்டே இரட்டைக் கோர் டெஸ்க்டாப் செயலிகள் கடைக்கு வந்தன. வேகத்தை முன்போல் ஏற்ற முடியாமல் போனதால்தான் கோர்கள் பெருகின. இன்று அவை 64 ஆகவும் 96 ஆகவும் நிற்பதன் வேர் அங்கே இருக்கிறது.

கோர்கள் கூடினால் வேலை குறைய வேண்டுமே? இந்தக் கேள்விக்கு 1967-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஒரு கணினி மாநாட்டில் ஜீன் ஆம்டால் கடுமையான பதில் சொன்னார். ஐபிஎம் சிஸ்டம்/360 கணினியின் வடிவமைப்பாளர்களில் முதன்மையானவர் அவர். எந்த வேலையிலும் பிரித்துக் கொடுக்க முடியாத ஒரு பகுதி இருக்கும்; கடைசியில் எல்லோரையும் நிறுத்தி வைப்பது அந்தப் பகுதிதான் என்றார். கல்யாண வீட்டில் காய் நறுக்க ஐம்பது பேர் உட்காரலாம்; உலை கொதிக்க ஆகும் நேரம் அவர்களால் குறையாது.

எண்ணில் பார்த்தால் மனம் கொஞ்சம் சோர்ந்துதான் போகும். ஒரு வேலையில் 90 சதவீதம் பிரிக்கக்கூடியது என்று வைப்போம். 16 கோர்கள் அதை 6.4 மடங்கு வேகமாக்கும். 64 கோர்கள்? 8.8 மடங்கு. நான்கு பங்கு கோர்களுக்கு வெறும் 37 சதவீத லாபம். அதே வேலை 99 சதவீதம் பிரிக்கக்கூடியதாக இருந்தால் முறையே 13.9, 39.3. ஒன்பது சதவீதம் கூடியதில் ஒரு செயலியின் தலையெழுத்தே மாறிவிடுகிறது. கோர்கள் குறைந்த வேகத்தில் ஓடுவதை நான் இதில் இன்னும் சேர்க்கவில்லை.

பிளெண்டர் போன்ற மென்பொருளில் ஒரு காட்சியை ஒளியும் நிழலுமாக வரைவது ஏறக்குறைய முழுவதும் பிரிக்கக்கூடியது. ஒரு புள்ளியின் நிறம் பக்கத்துப் புள்ளியின் விடைக்குக் காத்திருப்பதில்லை. இயந்திர பாகங்களைத் திரையில் வடிவமைப்பது அப்படியல்ல. முந்தைய வெட்டு முடிந்தால்தான் அடுத்த துளை எங்கே என்று தெரியும். அங்கே ஒரே கோர் ஓடிக்கொண்டிருக்க மற்ற 63-உம் சும்மா இருக்கும். வீடியோ விளையாட்டு இன்னொரு வகை. 2023 ஏப்ரலில் 449 டாலருக்கு வந்த எட்டுக் கோர் ரைசன் 7 7800எக்ஸ்3டி, பெரும்பாலான விளையாட்டுகளில் அந்த 64 கோர் செயலியை முந்திவிடுகிறது. அதன் கணக்குத் துண்டின்மீது இன்னொரு நினைவகத் துண்டை அடுக்கி, கோருக்கு அருகிலேயே விவரங்களை வைத்திருக்கும் கேஷ் நினைவகத்தை 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக்கியிருக்கிறார்கள். இந்த அடுக்கை நான் மிகவும் வியக்கிறேன்.

ஏன் வியப்பு என்றால், 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 0.2 நானோவினாடி. அதற்குள் வெற்றிடத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். செம்புக் கம்பியில் சமிக்ஞை இன்னும் குறைவாகப் போகும். ராமிலிருந்து ஒரு விவரத்தைக் கேட்டு வாங்க 80 நானோவினாடி ஆகிறது என்றால், அது கோருக்கு 400 துடிப்பு. கோரை ஒட்டியிருக்கும் முதல் கேஷில் அதே விவரம் இருந்தால் நான்கே துடிப்பு. நவீன செயலியின் பெரும்பகுதி உழைப்பு, கணக்குப் போடுவதைவிட, அடுத்து எது தேவைப்படும் என்று ஊகித்து முன்கூட்டியே பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதற்கே போகிறது.

இங்கேதான் ராமுக்குப் போகும் வழிகளின் எண்ணிக்கை முக்கியமாகிறது. டிடிஆர்5-5200 ராமில் ஒரு வழி வினாடிக்கு 41.6 ஜிகாபைட் கொண்டுவரும். ரைசனுக்கு இரண்டு வழி, மொத்தம் 83.2 ஜிகாபைட், கோருக்கு 5.2. த்ரெட்ரிப்பருக்கு நான்கு வழி, மொத்தம் 166.4 ஜிகாபைட், கோருக்கு 2.6. விலை உயர்ந்த செயலியில் ஒவ்வொரு கோரின் பங்கும் பாதிதான்! காற்றோட்டம், நீரோட்டம், வானிலை போன்றவற்றைக் கணக்கிடுபவர்கள் பெரிய பெரிய எண் அடுக்குகளை ராமிலிருந்து ஓயாமல் இழுப்பவர்கள். அவர்களுக்கு 64 கோர்களில் பல, விவரம் வராமல் காத்துக் கிடக்கும். அவர்களுக்காகவே எட்டு வழிகள் கொண்ட த்ரெட்ரிப்பர் ப்ரோ வகை இருக்கிறது. அந்த வகையில் 96 கோர் கொண்ட 7995டபிள்யூஎக்ஸ் 9,999 டாலருக்கு வந்தது. அதிலும் கோருக்கு 3.5 ஜிகாபைட்தான் தேறும். இவர்கள் கோர் எண்ணிக்கையில் ஒரு படி இறங்கி, எட்டு வழிகளுள்ள செயலியை எடுப்பதே சரி என்பது என் எண்ணம்.

கொள்ளளவு வேறு விஷயம். ரைசன் மதர்போர்டுகளில் பொதுவாக ராமுக்கு நான்கு இடம் இருந்தாலும், நான்கையும் நிரப்பினால் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி சொல்லும் வேகம் 5200-லிருந்து 3600-க்கு இறங்கிவிடும். த்ரெட்ரிப்பர் 7980எக்ஸ் 1 டெராபைட் வரை ஏற்கும். உங்கள் வேலை 300 ஜிகாபைட்டை நினைவில் வைத்திருக்க வேண்டியது என்றால், அது ரைசனில் அடங்காது; மேலே சொன்ன கோர்க் கணக்கு எதுவும் வேண்டாம், அங்கேயே முடிவாகிவிட்டது. அதேபோலத்தான் கிராபிக்ஸ் கார்டும். ஒரு கார்டு 16 பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகளை எடுத்துக்கொள்ளும், ஒரு வேக எஸ்எஸ்டி நான்கு. ரைசனில் இவற்றுக்கு மிஞ்சுவது 24 பாதைகள்: ஒரு கார்டு, இரண்டு எஸ்எஸ்டி, தீர்ந்தது. 7980எக்ஸில் ஐந்தாம் தலைமுறைப் பாதைகள் 48, ப்ரோ வகையில் 128. நான்கு கார்டுகளை ஒரே பெட்டியில் வைத்து இயந்திரக் கற்றல் மாதிரிகளைப் பயிற்றுவிப்பவர்கள் ஒர்க்ஸ்டேஷன் செயலி வாங்குவது பெரும்பாலும் இந்தப் பாதைகளுக்காகத்தான்.

ஆம்டாலின் பதில் கடைசிப் பதிலாகிவிடவில்லை. 1988-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் கஸ்டாஃப்சனும் சகாக்களும் 1,024 செயலிகள் கொண்ட கணினியில் 1,000 மடங்குக்கும் மேலான வேகத்தைக் காட்டினார்கள். மனிதர்கள் பெரிய கணினி கிடைத்ததும் பழைய கணக்கையே சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்து போவதில்லை என்பது கஸ்டாஃப்சனின் வாதம். அதே நேரத்தில் இன்னும் பெரிய கணக்கைப் போடுகிறார்கள். அப்போது பிரிக்கக்கூடிய பங்கு தானாகவே வளர்கிறது. அனிமேஷன் செய்பவர்களிடம் கேட்டால் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். வேகம் கூடினால் காட்சியில் இன்னும் நூறு மரங்கள் வந்து நிற்கும்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2020 மே மாதம் தன் கணினியை 32 கோர் த்ரெட்ரிப்பர் 3970எக்ஸுக்கு மாற்றினார். லினக்ஸின் மையமான கெர்னலை முழுதாகக் கட்டிப் பார்க்கும் சோதனை மூன்று மடங்கு வேகமாகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு அறிவித்தார். கெர்னல் என்பது ஆயிரக்கணக்கான தனித்தனிக் கோப்புகள். ஒவ்வொன்றையும் ஒரு கோரிடம் கொடுக்கலாம். எல்லாவற்றையும் கடைசியில் கோத்து ஒன்றாக்கும் இடத்தில் மட்டும் வரிசை வந்துவிடும். மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்களைச் சேர்த்துச் சேர்த்து மறுபடி கட்டுவதே அன்றாட வேலையாக இருப்பவருக்கு, அந்த மூன்று மடங்கு ஒரு நாளில் பலமுறை கைக்கு வருகிறது.

2022 அக்டோபரில் அதே கணினி அவரைப் படுத்தியது. கெர்னலைக் கட்டும்போது மென்பொருள் காரணமில்லாமல் விழுந்தது. புதிதாகச் சேர்த்த திருத்தத்தில்தான் பிழை என்று நினைத்து மணிக்கணக்கில் தேடினார். பழுது ராமில் இருந்தது. பிழையைத் தானே கண்டு திருத்தும் ஈசிசி ராமை அந்தச் செயலி ஏற்கும். ஆனால் பெருந்தொற்றின் தொடக்கத்தில் கட்டுப்படியாகும் விலைக்கு அது கிடைக்காததால் சாதாரண ராமைப் போட்டிருந்தார். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் அதிகமான ராம் தகடுகளில் பிழை தென்படுவதைக் காட்டியது. 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டிருக்கிறது. வரக்கூடியதைவிட அதிக வாக்குகள் வந்ததால் கண்டுபிடித்தார்கள். அந்த வேட்பாளருக்கு வர வாய்ப்புள்ள எண்ணாகவே அது இருந்திருந்தால்?

7980எக்ஸ் சர்வர் வகை ஈசிசி ராமை மட்டுமே ஏற்கும். ரைசனிலும் மதர்போர்டு இடம் கொடுத்தால் ஈசிசி போடலாம். மூன்று நாள் ஓடும் கணக்கை நம்பி ஒரு பாலத்தையோ மருந்தையோ வடிவமைப்பவர் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

வாங்குவதற்கு முன்னால் கையில் இருக்கும் கணினியிலேயே ஒரு சோதனை செய்யலாம். உங்களை அதிகம் காக்க வைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸில் பாதிக் கோர்களை அணைத்து ஒருமுறை, எல்லாவற்றையும் திறந்து ஒருமுறை ஓட்டுங்கள். எட்டு கோரில் 60 நிமிடம், பதினாறு கோரில் 36 நிமிடம் என்று வந்தால், பிரிக்க முடியாத பகுதி 12 நிமிடம் என்று எளிய கணக்கில் கிடைக்கும். மிச்சமுள்ள வேலையை 64 கோர்களுக்குப் பங்கிட்டால் 6 நிமிடம். மொத்தம் 18 நிமிடம், இப்போதைய நேரத்தில் பாதி. வேகக் குறைவுக்கும் ராம் நெரிசலுக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். நாள் முழுதும் அந்த வேலையையே செய்பவருக்கு அதற்குப் பிறகும் ஆதாயம் இருக்கும். 60 நிமிடம் 50 ஆக மட்டும் குறைந்தால் பிரிக்க முடியாதது 40 நிமிடம். அறுபத்து நான்கு கோர்கள் வந்தாலும் 42 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. அந்த எட்டு நிமிடத்துக்கு, அறிமுக விலையில் 4,300 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள்.